அத்தியாயம் 17: எண்ணிக்கையும் எடையும்

லைட்ஃபுட்டின் மறைவோடு சென்ற அத்தியாயத்தை நிறுத்தியிருந்தோம். 1889 டிசம்பர் 21. டர்ஹாம் திருமண்டலத்தின் பேராயர் நாற்காலி காலியானது. அங்கே அடுத்து வந்து அமர்ந்தவர் லைட்ஃபுட்டைவிட மூன்று வயது மூத்தவர்; கேம்பிரிட்ஜில் ஒரு காலத்தில் அவருக்கே தனிப்பாடம் சொல்லிக் கொடுத்தவர். மாணவன் விட்டுச் சென்ற இருக்கைக்கு ஆசிரியர் வந்தார். பெயர் ப்ரூக் ஃபாஸ் வெஸ்ட்காட். 1890 மே 1 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அபிஷேகம் நடந்தபோது அவருக்கு வயது 65.

டர்ஹாம் நிலக்கரி நாடு. கிராமத்துக்கு ஒரு சுரங்கம், சுரங்கத்துக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு பட்டுக்கொடி என்று வாழ்ந்த மாவட்டம். அங்கே வந்தவரோ பள்ளி வகுப்பறையிலும் பல்கலைக்கழக நூலகத்திலும் ஆயுளைக் கழித்த சிறிய உருவக்காரர். குரல் மெல்லியது. எழுத்து கடினமானது, படித்தவர்களே இரண்டு முறை படித்தால்தான் பிடிபடும். இந்த மனிதர் கரி படிந்த முகங்களுக்கு முன்னால் நின்று என்ன பேசப் போகிறார் என்று கேட்டவர்கள் உண்டு.

வெஸ்ட்காட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவரை இரண்டு ஆட்களாகப் பிரித்துவிடுகிறார்கள். விவிலிய ஆய்வாளர்களுக்கு அவர் கிரேக்கப் புதிய ஏற்பாட்டைப் பதிப்பித்தவர். தொழிலாளர் வரலாறு எழுதுகிறவர்களுக்கு 1892 வேலைநிறுத்தத்தைத் தீர்த்து வைத்த பேராயர். இந்த இருவரும் ஒரே ஆள்தான், ஒரே பழக்கம்தான் இரண்டு வேலையையும் செய்தது என்பது என் எண்ணம். அதைச் சொல்ல கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அவர் 1825 ஜனவரி 12 அன்று பர்மிங்ஹாமில் பிறந்தார். தந்தை தாவரவியலில் தோய்ந்தவர். ஊரோ அரசியலில் கொதித்துக்கொண்டிருந்தது. வாக்குரிமைச் சீர்திருத்தத்துக்காகத் தாமஸ் அட்வுட் பெருங்கூட்டங்கள் கூட்டிய நகரம் அது. சாசன இயக்கத் தொழிலாளர்கள் 1839இல் புல் ரிங் சந்தைவெளியில் காவலர்களோடு மோதியபோது வெஸ்ட்காட்டுக்குப் பதினான்கு வயது. உழைப்பவனின் கோபம் எப்படியிருக்கும் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

அதே ஊரின் கிங் எட்வர்ட் பள்ளியில் ஜேம்ஸ் பிரின்ஸ் லீ தலைமையாசிரியர். ஒரு கிரேக்கச் சொல்லை எடுத்தால் அதை விசாரித்து முடிக்காமல் அடுத்ததற்குப் போகாத ஆசிரியர். வெஸ்ட்காட், லைட்ஃபுட், பின்னாளில் கான்டர்பரி தலைமைப் பேராயரான பென்சன் ஆகிய மூவரும் அவரிடம் படித்த பையன்கள். ஒரு பள்ளி ஆசிரியர் ஒரு நாட்டின் திருச்சபைக்கு இதைவிட என்ன தந்துவிட முடியும்?

1844இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி. 1848இல் கணிதத் தேர்வில் 24ஆம் இடம். செவ்வியல் மொழித் தேர்வில் இன்னொருவரோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். அடுத்த ஆண்டே கல்லூரி ஆய்வாளர் பதவி, 1851இல் குருப்பட்டம். 1852இல் ஹாரோ பள்ளிக்கு ஆசிரியராகப் போனார். அந்த ஆண்டின் இறுதியில் திருமணம். பதினேழு ஆண்டுகள் ஹாரோவில் கழிந்தன. பிள்ளைகள் வரிசையாகப் பிறந்தார்கள்: ஏழு ஆண், மூன்று பெண். பகலில் பள்ளி வேலை, எஞ்சிய நேரத்தில் சொந்த ஆராய்ச்சி. புதிய ஏற்பாட்டு நூல்கள் எப்படித் தொகுதியாக நிலைபெற்றன என்று ஆராய்ந்த அவருடைய பெரிய நூல் 1855இல் வெளிவந்தது அப்படித்தான்.

ஹாரோ நாட்களில் அவர் விடாமல் கண்ட ஒரு கனவைச் சொல்லாமல் போக மனமில்லை. பல குடும்பங்கள் ஒன்றாகச் சேர்ந்து, எளிமையாக வாழ்ந்து, படிப்பையும் ஜெபத்தையும் வருமானத்தையும் பகிர்ந்துகொள்ளும் ஒரு கூட்டு வாழ்க்கை. அதற்கு ‘சீனோபியம்’ என்று பழைய துறவுமடச் சொல்லையே பெயராக வைத்திருந்தார். வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே கலக்கம். குறும்பு செய்தால், சீனோபியத்தில் இதெல்லாம் நடக்காது என்று கண்டிப்பு வருமாம். பெரியவர்களான பிறகும் அவர்கள் அதை மறக்கவில்லை. அந்தக் குடியிருப்பு கடைசிவரை அமையவில்லை. ஆனால் சொத்தையும் சௌகரியத்தையும் தனியொருவன் உரிமையாகப் பார்க்கக் கூடாது என்ற எண்ணம் அவருக்கு முதுமையில் திடீரென்று வந்ததல்ல என்பதற்கு அது சாட்சி.

1870இல் கேம்பிரிட்ஜின் ரீஜியஸ் இறையியல் பேராசிரியர் பதவி காலியானது. எட்டாம் ஹென்றி 1540இல் நிறுவிய நாற்காலி. லைட்ஃபுட் அப்போது அங்கேயே பேராசிரியர், கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். அவர் விலகி நின்று, தன் பழைய ஆசிரியரை நிற்கச் சொன்னார். வெஸ்ட்காட் தேர்ந்தெடுக்கப்பட்டார். கல்விச் சாலைகளில் பதவிக்காக நடக்கும் போட்டிகளை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

லைட்ஃபுட், வெஸ்ட்காட், ஃபென்டன் ஹார்ட். கேம்பிரிட்ஜ் மூவர் என்று அவர்களைச் சொல்வார்கள். புதிய ஏற்பாடு முழுவதற்கும் உரை எழுதுவதாக மூவரும் பங்கு பிரித்துக்கொண்டார்கள். பவுலின் நிருபங்கள் லைட்ஃபுட்டுக்கு, யோவானின் எழுத்துகள் வெஸ்ட்காட்டுக்கு. ஆனால் வெஸ்ட்காட்டின் வாழ்நாள் வேலை அதற்கும் முன்பே, 1853இல், ஹார்ட்டோடு தொடங்கிவிட்டது.

அந்த வேலை என்ன? இயேசுவின் சீடர்கள் காலத்து மூலப்படி எதுவும் மிஞ்சவில்லை. நகலின் நகல்கள்தான் இருக்கின்றன. அவற்றுக்குள் ஏராளமான பாடபேதங்கள். 1516இல் எராஸ்மஸ் கைக்குக் கிடைத்த பிற்காலப் படிகள் சிலவற்றை வைத்து அச்சிட்ட கிரேக்கப் பாடமே, சிறு திருத்தங்களோடு, மூன்றரை நூற்றாண்டுகளாக வழங்கிவந்தது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியமும் அந்த மரபிலிருந்து பெயர்த்ததே. அந்தப் பாடத்துக்குச் சார்பாகச் சொல்லப்பட்ட பெரிய வாதம் எண்ணிக்கை: நூற்றுக்கணக்கான படிகள் ஒரே மாதிரி சொல்லும்போது, மாறுபடும் நாலைந்து படிகளை ஏன் நம்ப வேண்டும்?

வெஸ்ட்காட்டும் ஹார்ட்டும் சொன்ன பதில் எளிமையானது. ஒருவன் ஓர் ஏட்டைப் பார்த்து எழுதும்போது ஒரு வரியைத் தவறாக எழுதிவிடுகிறான். அவன் ஏட்டைப் பார்த்துத் தொண்ணூறு பேர் எழுதுகிறார்கள். தொண்ணூற்றொரு ஏட்டிலும் அதே தவறு இருக்கும். அது தொண்ணூற்றொரு சாட்சியாகிவிடுமா? ஒரே சாட்சிதான். ஆகவே ஏடுகளை எண்ணக் கூடாது; எது எதிலிருந்து பிறந்தது என்று வம்சம் பார்க்க வேண்டும், பிறகு எடை போட வேண்டும். அப்படிப் பார்த்தபோது வத்திக்கான் நூலகத்தில் இருக்கும் நான்காம் நூற்றாண்டுப் படி அவர்களுடைய தராசில் மிகவும் கனமாக நின்றது. சீனாய் மலை மடத்தில் டிஷன்டார்ஃப் கண்டெடுத்து 1862இல் வெளியிட்ட இன்னொரு நான்காம் நூற்றாண்டுப் படி, இவர்கள் வேலை பாதியில் இருக்கும்போது வந்து பக்கத்தில் சேர்ந்துகொண்டது.

இருபத்தெட்டு ஆண்டுகள். இருவரும் தனித்தனியே ஒவ்வொரு வரியையும் ஆராய்ந்து முடிவெடுப்பார்கள்; பிறகு கடிதத்தில் ஒப்பிடுவார்கள்; மாறுபட்டால் மீண்டும் விவாதிப்பார்கள். கடைசிவரை உடன்படாத இடங்களில் இரு கருத்தையும் பதிவு செய்தார்கள். பக்தர்கள் மனப்பாடமாக அறிந்த சில பகுதிகளைத் தொட வேண்டியிருந்தது. மாற்கு நற்செய்தியின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள், யோவான் நற்செய்தியில் விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை ஆகியவை மூலத்தில் இல்லை என்று அவர்களுக்குத் தோன்றியது. அவர்கள் அவற்றைத் தூக்கி எறியவில்லை. இரட்டை அடைப்புக்குறிக்குள் வைத்தார்கள். தானே வாழ்நாளெல்லாம் ஜெபித்த நூலில் அப்படி ஒரு குறியைப் போட ஒரு குருவானவருக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! வெஸ்ட்காட் விசுவாசம் தளர்ந்து அதைச் செய்யவில்லை. அது கடவுளின் சொல் என்று நம்பியதால்தான், எழுதியவனின் கைத்தவறு அதில் கலந்திருப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை.

இதற்கு நடுவே இன்னொரு பொறுப்பும் வந்தது. 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பைத் திருத்த 1870இல் குழு அமைந்தது. மூவரும் அதில் உறுப்பினர்கள். வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தின் ஜெருசலேம் அறையில் கூடினார்கள். 1413இல் நான்காம் ஹென்றி மன்னர் உயிர்விட்ட அதே அறை. பத்தாண்டுகளுக்கு மேல் நடந்த வேலையின் முடிவில், 1881 மே 17 அன்று திருத்திய புதிய ஏற்பாடு வெளிவந்தது. வெஸ்ட்காட்–ஹார்ட் கிரேக்கப் பாடம் அதற்கு ஐந்து நாள் முன்பு, மே 12 அன்று வந்திருந்தது. அந்த மாதப் பரபரப்பை இன்று கற்பனை செய்வது கடினம். சிகாகோவில் இரண்டு நாளிதழ்கள் புதிய ஏற்பாடு முழுவதையும் ஞாயிறு இதழில் அச்சிட்டு விற்றன.

எதிர்ப்பும் அதே வேகத்தில் வந்தது. சிசெஸ்டர் பேராலயத்தின் டீன் ஜான் பர்கன் காலாண்டிதழ் ஒன்றில் நெருப்பாய் எழுதி, 1883இல் அவற்றைத் தனி நூலாக்கினார். கடவுள் தம் வார்த்தையை நூற்றாண்டுகளாகத் திருச்சபையின் கையில் பாதுகாத்திருக்க, அதை இரண்டு பேராசிரியர்கள் நூலகத்தில் உட்கார்ந்து மாற்றுவதா என்பது அவருடைய கேள்வி. பர்கன் படித்த மனிதர், ஏடுகளைத் தேடிப் பயணம் செய்தவர். அவரை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஜெபத்தில் பழகிய வரியை ஒரு நாள் பக்கத்தில் காணாதபோது சாதாரண விசுவாசிக்கு ஏற்பட்ட அதிர்ச்சியையும்தான். கர்த்தர் கற்பித்த ஜெபத்தின் கடைசி வரி மத்தேயுவின் திருத்திய பாடத்தில் இல்லாமல் போனது சிறிய விஷயமா? வெஸ்ட்காட் பதிலுக்குச் சண்டை போடவில்லை. காலம் அவர் பக்கம் பெரும்பாலும் சாய்ந்தது: 1950களில் வெளிப்பட்ட ஒரு பழைய பப்பிரஸ் ஏடு, வத்திக்கான் படியோடு வியக்கத்தக்க அளவு ஒத்துப்போனது. ஆனால் கலப்பில்லாத தூய பாடம் ஒன்று உண்டு என்று அவரும் ஹார்ட்டும் எண்ணியதை இன்றைய ஆய்வாளர்கள் அப்படியே ஏற்பதில்லை.

இனி டர்ஹாமுக்கு வருவோம்.

பேராயரான சில மாதங்களில், 1890 அக்டோபரில், ஹல் நகரத் திருச்சபை மாநாட்டில் அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு ‘சோஷலிசம்’. ஆங்கிலிக்கப் பேராயர் ஒருவர் அந்தச் சொல்லைப் பழிச்சொல்லாக அல்லாமல் ஒரு வாழ்க்கை முறையாக எடுத்துப் பேசியது பலரைத் திடுக்கிட வைத்தது. முந்தைய ஆண்டு தொடங்கிய கிறிஸ்தவ சமூக ஒன்றியத்துக்கும் அவரே முதல் தலைவர்.

1892 தொடக்கத்தில் நிலக்கரி விலை இறங்கிக்கொண்டிருந்தது. சுரங்க முதலாளிகள் கூலியில் நூற்றுக்குப் பத்து குறைக்க வேண்டும் என்றார்கள். தொழிலாளர்கள் வாக்கெடுத்து மறுத்தார்கள். மார்ச் 12 முதல் சுரங்கங்கள் நின்றன. 80,000 பேருக்கு மேல் வேலையில்லை. டீஸ் ஆற்றங்கரையின் இரும்பு உலைகள் கரி இல்லாமல் அணைந்தன. வேலைநிறுத்தத்தில் சேராதவர்கள் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. வாரங்கள் போகப் போகச் சங்கத்தின் நிதி கரைந்தது. தொழிலாளர்கள் இறங்கி வந்தபோது முதலாளிகள் ஏறிக்கொண்டார்கள்: இப்போது பதின்மூன்றரை வேண்டும் என்றார்கள். அதுதான் முடிச்சு விழுந்த இடம். தோற்றவனைக் குனிய வைப்பது என்று ஆகிவிட்டால் பேச்சுக்கு இடம் இல்லை.

பேராயர் நேரடியாக எந்தப் பக்கமும் பேசவில்லை. இரு தரப்புக்கும் கடிதம் எழுதினார், விசாரித்தார், காத்திருந்தார். பிறகு இரு தரப்பையும் தன் ஆக்லாந்து அரண்மனைக்கு அழைத்தார். ஜூன் 1. முதலாளிகள் ஓர் அறை, தொழிலாளர் பிரதிநிதிகள் ஓர் அறை. முதுமையில் இருந்த அந்தச் சின்ன மனிதர் நடுவில் நடந்தார்.

கணக்குப்படி பார்த்தால் இரு தரப்பிலும் வாதம் இருந்தது. விற்பனை விலை, சென்ற ஆண்டுகளில் ஏறிய கூலி, பிற மாவட்டங்களின் நிலை என்று எல்லாவற்றையும் இருவரும் ஏற்கெனவே பத்து முறை சொல்லியிருந்தார்கள். வெஸ்ட்காட் அந்தக் கணக்கில் இறங்கி யார் சரி என்று தீர்ப்புச் சொல்லவில்லை. முதலாளிகளிடம் அவர் வைத்தது ஒரே ஒரு வேண்டுகோள்: நியாயம் எது என்ற வாதம் அப்படியே இருக்கட்டும், வீடுகளில் பட்டினி இருக்கிறது, அதைப் பார்த்து அந்தப் பதின்மூன்றரையை விட்டுவிட்டுப் பத்துக்குச் சுரங்கத்தைத் திறக்க முடியுமா? எதிர்காலத்தில் கூலித் தகராறுகளைப் பேசித் தீர்க்க ஒரு சமரச வாரியம் வேண்டும் என்பதும் உடன் சேர்ந்தது. முதலாளிகள் தங்கள் வாதத்தை விட்டுக்கொடுக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இசைந்தார்கள். அன்று மாலைக்குள் முடிந்தது.

இதில் தொழிலாளிக்கு என்ன கிடைத்தது என்று கேட்க வேண்டும். பன்னிரண்டு வாரம் வயிற்றைக் கட்டிய பிறகு, முதலாளிகள் தொடக்கத்தில் கேட்ட அதே பத்து சதவீதக் குறைப்பு. இதை வெற்றி என்று எழுதினால் அந்த வீடுகளுக்கு அநியாயம். ஆனால் சங்கம் உடையாமல் நின்றது. முதலாளியும் சங்கமும் ஒரு மேசையில் உட்காரும் வழக்கத்துக்கு ஒரு கதவு திறந்தது. சமரச வாரியம் 1895இல் அமைந்தது. சுரங்கத் தொழிலாளிகள் அவரைத் தங்கள் ஆளாகவே எண்ணத் தொடங்கினார்கள். சங்கக்காரர் ஒருவர் பசியைப் பற்றிச் சொல்லும்போது, முதலாளி ஒருவர் நஷ்டத்தைப் பற்றிச் சொல்லும்போது, இருபத்தெட்டு ஆண்டுகள் ஏடுகளிடம் காட்டிய அதே பொறுமையை அவர் காட்டினார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது: யார் எதைச் சொல்கிறார்கள், அது எங்கிருந்து வருகிறது, உரத்துச் சொல்வதற்குப் பின்னால் உள்ள கனம் எவ்வளவு.

வேலைநிறுத்தம் முடிந்த அதே 1892ஆம் ஆண்டின் நவம்பர் 30 அன்று ஹார்ட்டும் காலமானார். மூவரில் ஒருவர் மீதி.

அவர் எல்லா இடத்திலும் இப்படி நிதானமாக எடை போட்டார் என்று சொல்ல முடியாது. நாடுகளுக்கிடையே சண்டை வேண்டாம், சமரசம் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் பேசிய அதே வெஸ்ட்காட், 1899இல் போயர் போர் வந்தபோது இங்கிலாந்தின் பக்கம் நின்றார். அவரை நேசித்த பலருக்கு அது வலித்தது. பேரரசின் மேல் அவர் வைத்திருந்த நம்பிக்கை அவர் கண்ணை அங்கே மறைத்தது என்றே நான் நினைக்கிறேன்.

அதே நம்பிக்கைதான் அவரை இந்தியாவை நோக்கியும் திருப்பியது; ஆனால் அங்கே அது வேறு பலன் தந்தது. 1877இல் கேம்பிரிட்ஜிலிருந்து டெல்லிக்கு ஒரு மிஷன் புறப்பட்டபோது அதற்குப் பின்னால் நின்றவர்களில் பேராசிரியர் வெஸ்ட்காட் முக்கியமானவர். அந்த மிஷனின் சகோதரர்கள் 1881இல் தொடங்கியதே டெல்லி தூய ஸ்தேவான் கல்லூரி. அவர் மனத்தில் இருந்தது பழைய அலெக்சாண்டிரியா. கிரேக்கச் சிந்தனையும் கிறிஸ்தவமும் சந்தித்து இரண்டும் வளர்ந்ததுபோல, இந்தியச் சிந்தனையோடும் ஒரு சந்திப்பு நிகழ வேண்டும்; இந்தியா கற்றுக்கொள்ள மட்டுமல்ல, கற்றுத்தரவும் வேண்டியிருக்கிறது என்று கருதினார். அந்தக் காலத்து மிஷன் பேச்சுகளுக்கு நடுவே வைத்துப் பார்த்தால் இது அபூர்வமான குரல்.

மகன்கள் அந்தக் குரலைக் கேட்டுப் புறப்பட்டார்கள். ஆர்தர் சென்னைக்கு வந்தார். வேப்பேரி மிஷனின் வரலாற்றை 1897இல் நூலாக எழுதியவர் அவர்தான். தந்தையின் வாழ்க்கையையும் கடிதங்களையும் 1903இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டதும் அவரே. சீனோபியம் பற்றி நாம் அறிவது அதன் வழியாகத்தான். ஜார்ஜ் கான்பூரில் பணிபுரிந்து, கபீரைப் பற்றி ஒரு நூல் எழுதி, பின்னர் லக்னோ பேராயரானார். ஃபாஸ் 1919 முதல் 1945 வரை கல்கத்தாவில் இந்தியத் திருச்சபையின் தலைமைப் பேராயர். கடைசி மகன் பேசில் 1900இல் இந்தியாவிலேயே காலராவுக்கு இரையானார்.

அந்தச் செய்தி ஆக்லாந்துக்கு வந்தபோது தந்தைக்கு 75 வயது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் மனைவியும் போனார். 1901 ஜூலை 20 அன்று டர்ஹாம் பேராலயத்தில் சுரங்கத் தொழிலாளர்களின் வருடாந்திர ஆராதனை. அங்கே பேராயர் பிரசங்கம் செய்தார். ஒரு வாரம் கழித்து, ஜூலை 27 அன்று காலமானார். லைட்ஃபுட் உறங்கும் அதே சிற்றாலயத்தில் அவரையும் அடக்கம் செய்தார்கள்.

பேசிலுக்குக் கேம்பிரிட்ஜில் ஒரு நெருங்கிய நண்பர் இருந்தார். டர்ஹாம் திருமண்டலத்துக்குள்ளேயே, சன்டர்லாந்தின் கப்பல் கட்டும் தொழிலாளர்கள் நடுவே சில காலம் வேலை செய்தவர். கிறிஸ்தவமும் முதலாளி–தொழிலாளி மோதலும் பற்றிப் பரிசுக் கட்டுரை எழுதியவர். பேசில் இறந்த நான்காம் ஆண்டு, 1904 மார்ச்சில், அவர் டெல்லி வந்து தூய ஸ்தேவான் கல்லூரியில் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகளில் அந்தக் கல்லூரியின் முதல்வர் பதவி அவருக்கு வந்தபோது, ஓர் இந்தியர் இருக்க நான் எதற்கு என்று விலகி, சுசில் குமார் ருத்ராவை அமர வைத்தார். 1914 ஜனவரியில் டர்பன் துறைமுகத்தில் இறங்கியதும் காந்தி யார் என்று கேட்டு, குனிந்து அவர் பாதத்தைத் தொட்டார். அடுத்த ஆண்டு ஃபிஜியின் கரும்புத் தோட்டங்களுக்குப் போய், சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் கப்பலேற்றப்பட்ட ஒப்பந்தக் கூலிகளின் குடியிருப்பு வரிசைகளில் நுழைந்து, ஒவ்வொருவராக உட்கார வைத்துக் கேட்டு எழுதிக்கொண்டார்.

சார்லஸ் ஃப்ரீர் ஆண்ட்ரூஸ். அடுத்த அத்தியாயம் அவருடையது.

(தொடரும்)